பந்தியில் யாருக்கு எந்த இடம்?



சென்ற தவணையில் எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் மேற்பார்வைப் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் உதவியால் இலவச உணவு பெறும் மாணவர்கள் எங்கள் பள்ளியில் 31 பேர். ஓய்வு நேரமோ இருபது நிமிடம். அதற்குள் உணவு வழங்க வேண்டும், வந்தவர், வராதவர் கணக்கெடுக்க வேண்டும், கையொப்பமிட வேண்டும். ஆகவே என் வசதிக்காக ஒரு முடிவு செய்தேன். கைகழுவும் குழாயை ஒட்டியிருந்த இரண்டு நீண்ட மேசைகளை அந்த 31 பேருக்கென ஒதுக்கினேன். கணக்கு எளிதாயிற்று. தலைமையாசிரியரும் பாராட்டினார்.

மூன்றாம் வாரத்தில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அங்கு வருவதை நிறுத்திக்கொண்டான். கேட்டபோது, "பசிக்கல டீச்சர்" என்றான். மறுநாளும் அதே விடை. அவனுடைய நண்பனைத் தனியே அழைத்து வினவினேன். "அது இலவச மேசை டீச்சர்" என்றான் அவன். மாணவர்கள் அந்த மேசைக்குப் பெயரே வைத்துவிட்டிருந்தார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

இதை ஆசிரியர் அறையில் சொல்லி வருந்திக்கொண்டிருந்தபோது, ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் சக ஆசிரியை ஒருவர், "இது அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் வரும் சிக்கலாயிற்றே!" என்றார். அந்த ஒரு சொல்தான் என்னைப் பல மாதங்கள் படிக்க வைத்தது. பள்ளி விடுமுறையில் தரங்கம்பாடி வரையிலும் அழைத்துச் சென்றது. ஒரு சபையார் எவ்வாறு கூடி வாழ வேண்டும் என்று கிறித்தவம் போதித்தது, அப்போதனை நம் தமிழ் மண்ணில் என்ன பாடுபட்டது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். சமய நம்பிக்கை எதுவாயினும், பிள்ளைகளை வரிசையாக உட்கார வைக்கும் பொறுப்பில் உள்ள நம் அனைவருக்கும் இதில் செய்தி உண்டு.

எருசலேமில் தோன்றிய முதல் கிறித்தவ சபையைப் பற்றி லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகள் என்னும் நூல் கூறுகிறது. விசுவாசிகள் தம் உடைமைகளை விற்றுப் பொதுவில் வைத்தார்கள். அவரவர் தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டார்கள். வீடுகள்தோறும் அப்பம் பிட்டு மகிழ்ச்சியோடு உண்டார்கள். சொற்பொழிவாளர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் நூல் நிற்பதில்லை. ஐந்தாம் அதிகாரத்திலேயே நிலம் விற்ற பணத்தில் ஒரு பகுதியை மறைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியா, சப்பீராள் என்னும் கணவன் மனைவியின் கதை வந்துவிடுகிறது. ஆறாம் அதிகாரத்தில் மொழிச்சண்டை. ஆம், மொழிச்சண்டைதான். அச்சபையில் எபிரெய மரபினரும் இருந்தனர். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய, கிரேக்க மொழி பேசும் யூதரும் இருந்தனர். அன்றாட உணவுப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுவதாகக் கிரேக்க மொழியார் முறையிட்டனர்.

இம்முறையீட்டைப் பன்னிரு சீடர்கள் எதிர்கொண்ட முறையை நான் பலமுறை படித்தேன். "அப்படியெல்லாம் இல்லை" என்று அவர்கள் மறுக்கவில்லை. "நன்றியில்லாமல் முணுமுணுக்கிறீர்களே" என்று கடியவும் இல்லை. சபையாரைக் கூட்டி, நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தெரிந்தெடுங்கள், பங்கீட்டுப் பொறுப்பை அவர்களிடம் விடுகிறோம் என்றார்கள். தெரிந்தெடுக்கப்பட்டோர் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா ஆகியோர். ஏழும் கிரேக்கப் பெயர்கள்! அக்காலத்தில் எபிரெயம் பேசுவோரிலும் சிலர் கிரேக்கப் பெயர் வைத்திருந்தனர் என்பதால் பெயரை மட்டும் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. எனினும் ஏழு பெயரும் ஒருசேரக் கிரேக்கமாயிருப்பது தற்செயல் அன்று என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. அதாவது, எங்களுக்குச் சோறு குறைகிறது என்று முறையிட்டவர்களின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது. அந்த மொழிப் பிரிவினருக்கு இரண்டு இடம், இந்த மொழிப் பிரிவினருக்கு ஐந்து இடம் என்று விகிதம் பார்க்கவில்லை. இன்றைய பெற்றோர் ஆசிரியர் சங்கத் தேர்தலில்கூட இதைக் காண்பது அரிது.

பின்னர் அந்தியோக்கியாவிலும் பந்தியே சிக்கலாயிற்று. பேதுரு அங்கு யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக அமர்ந்து உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் பக்கத்தார் சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும், பர்னபாவும்கூட, விலகினர். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கடிந்துகொண்டார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். பேதுரு தம் கொள்கையை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. உறவினர் வந்திருக்கிறார்களே என்று எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார், அவ்வளவே. நம் வீடுகளிலும் இவ்வாறு நடப்பதை நாம் கண்டதில்லையா?

கொரிந்து நகரத்துச் செய்தி இன்னும் கூர்மையானது. பவுல் அச்சபைக்கு ஏறத்தாழ கி.பி. 55-இல் முதல் நிருபத்தை எழுதினார். அந்நாளில் தேவாலயக் கட்டடங்கள் இல்லை. வசதியுள்ள ஒருவரின் வீட்டில்தான் கூடுவார்கள். உரோமானிய வீட்டு உணவறையில் மூன்று சாய்வு மஞ்சங்கள், மஞ்சத்துக்கு மூவர் என ஒன்பது பேர் உண்பது வழக்கம். எஞ்சியோர் முற்றத்தில்தான் இருந்திருக்க வேண்டும். வசதி படைத்தோர் முன்னதாக வந்து தாம் கொண்டுவந்த உணவை உண்டு முடித்தனர். வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகளும் அடிமைகளும் பசியோடு நின்றனர். ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் வெறித்திருப்பதா என்று பவுல் சினந்தார். இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதற்கா கூடுகிறீர்கள் என்பது அவருடைய கேள்வியின் சாரம். வெட்கம்! பசியை விட அதுதான் பெரிது என்பதை அவர் அறிந்திருந்தார். நான் அறியவில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பவுல் அங்கு அளித்த தீர்வு அவ்வளவு புரட்சிகரமானது அன்று. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள், பசி பொறுக்க முடியாதவன் தன் வீட்டிலேயே உண்டுவிட்டு வரட்டும் என்கிறார். வீட்டில் எப்படியும் உண்டுகொள், பொதுப் பந்தியில் மட்டும் ஒருவரையும் சிறுமைப்படுத்தாதே என்னும் இந்தச் சமரசம் 1,700 ஆண்டுகளுக்குப் பின் தஞ்சாவூரில் வேறு வடிவத்தில் வந்து நின்றது. அடுத்த அதிகாரத்திலேயே சபையை ஓர் உடலாகவும் மாந்தரை அதன் உறுப்புகளாகவும் உவமித்து, பலவீனமான உறுப்புக்கே மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்கிறார். யாக்கோபின் நிருபமோ நேராக இருக்கைக்கே வந்துவிடுகிறது. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும், கந்தல் உடுத்தியவனுக்குக் காலடியில் இடமும் தருவீர்களானால் நீங்கள் தவறான நீதிபதிகள் என்று அது சாடுகிறது.

இந்த நிருபங்கள் தமிழில் அச்சேறிய ஊர் தரங்கம்பாடி. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளுட்சோ என்னும் ஜெர்மானிய இளைஞர் இருவர் 1706 ஜூலை 9-இல் அங்கு வந்து சேர்ந்தனர். சீகன்பால்கு மணலில் எழுதித் தமிழ் கற்றார் என்று நம் பாடநூல்கள் சொல்லும். தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் எழுந்தது. நான் அங்கு சென்றது ஒரு நண்பகல். சிலுவை வடிவக் கட்டடம், தடித்த சுவர்கள், உள்ளே நல்ல குளிர்ச்சி. பீடத்திற்கு முன்னால் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நான் அந்தத் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனெனில் இம்மிஷனின் சபைகளில் வேளாளர் முதலியோர் ஒரு பகுதியிலும், பறையர் எனப்பட்டோர் வேறொரு பகுதியிலும் அமர்ந்தனர். திருவிருந்துக்கு முன்னவர் முதலிலும் பின்னவர் பிறகும் வந்தனர். திராட்சை இரசப் பாத்திரமே தனித்தனியாக இருந்த சபைகளும் உண்டு. எபிரெயர், கிரேக்கர் என்னும் வேற்றுமை கூடாது என்று போதித்த நூலைத் தமிழில் படித்துவிட்டுத்தான் இவ்வாறு அமர்ந்தார்கள்.

அருட்பணியாளர்களுக்கு இது தெரியாமலில்லை. சாதி என்பது சமயத்தைச் சார்ந்ததன்று, ஐரோப்பாவில் பிரபு, குடியானவன் என்று இருப்பதைப் போன்ற உலகியல் வேறுபாடே, காலப்போக்கில் தானாகத் தேய்ந்துவிடும் என்று தமக்குத் தாமே விளக்கம் கூறிக்கொண்டனர். இதன் விலையை ஒருவர் வாழ்வில் காணலாம். இராஜநாயக்கன் என்பவர் பறையர் குலத்தில் 1700-இல் பிறந்தவர்; தஞ்சை அரசரின் படையில் பணியாற்றியவர். தமிழில் அச்சான வேதாகமத்தைப் படித்து மனம் மாறித் தரங்கம்பாடி மிஷனில் சேர்ந்து, 1771-இல் இறக்கும் வரை 40 ஆண்டுகளுக்கு மேல் உபதேசியாராகத் தஞ்சை நாட்டில் உழைத்தார். சபையின் முதல் தமிழ்க் குருவாக 1733-இல் வேளாளரான ஆரோன் அபிஷேகம் பெற்றார். 1741-இல் தியோகு பெற்றார். இராஜநாயக்கன் பெறவே இல்லை. அவருடைய தகுதியில் ஐயம் எழவில்லை. அவர் கையால் திருவிருந்து பெற உயர்சாதிக் கிறித்தவர்கள் உடன்படமாட்டார்கள் என்பதே தடையாயிருந்தது. எருசலேமில் முறையிட்டவர் கைக்கு அகப்பை சென்றது. இங்கு அகப்பை அவர் கைக்கு வராதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது.

தஞ்சையில் கிறித்தவ சபையை வளர்த்தவர் சுவார்ட்ஸ் ஐயர். சரபோஜி மன்னர் இவரைத் தந்தையைப் போல் மதித்தார். சுவார்ட்ஸ் 1798-இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த இளைய அருட்பணியாளர்கள் பொறுமை இழந்தனர். 1820-களில் தனி இருக்கைகளை ஒழிக்க முற்பட்டனர். அவர்களை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார்தான். திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து, சுவார்ட்ஸிடம் கல்வி பயின்று, தஞ்சைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக விளங்கியவர். இன்றும் நம் நாட்டுத் தமிழ்த் தேவாலயங்களில் அவருடைய கீர்த்தனைகள் ஒலிக்கின்றன.

புதிய அருட்பணியாளர்கள் இழைத்த கொடுமைகள் என்று சாஸ்திரியார் நான்கைப் பட்டியலிட்டார். பழகிய தமிழ் வேதாகமத்தின் வாசகத்தை மாற்றினார்கள்; வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகளைத் தடுத்தார்கள்; திருமணத்திலும் விழாக்களிலும் பூச்சூடுவதை விலக்கினார்கள்; சபையில் சாதி வேறுபாட்டை அழிக்க முயன்றார்கள். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு தடுமாற்றம் ஏற்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்றிலும் தமிழாசிரியை என்னும் முறையில் நான் முழு மனத்தோடு சாஸ்திரியார் பக்கம். தமிழ்ப்பாட்டைத் தடுப்பதற்கு அவர்கள் யார்? மல்லிகைப் பூ யாருக்கு என்ன தீங்கு செய்தது? ஆனால் அதே மூச்சில், அதே கையெழுத்தில், நான்காவது வருகிறது. பாட்டு, பூ, மொழி, சாதி எல்லாம் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, பண்பாடு என்னும் ஒரே பெயரில் நம் முன் வைக்கப்படுகின்றன. அந்தக் கட்டை அவிழ்த்து மூன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை வெளியே வைக்கும் துணிவு அவ்வளவு பெரிய கவிஞருக்கே வாய்க்கவில்லை. அதை அவிழ்க்க அருட்பணியாளர்களும் உதவவில்லை. நான்கையும் சேர்த்தே அறுக்க முற்பட்டார்கள். சாஸ்திரியார் 1829-இல் மிஷன் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சரபோஜி மன்னர் அவரைத் தம் அவையில் ஆதரித்தார்.

கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராயிருந்த ரெஜினால்டு ஹீபர் இச்சிக்கலை நேரில் ஆராயத் தெற்கே வந்தார். அவர் மென்மையான போக்குடையவர். ஆனால் 1826 ஏப்ரல் 3-இல் திருச்சியில் திடீரென இறந்துபோனார். பின்னர் அப்பதவிக்கு வந்த டேனியல் வில்சன் வேறு வார்ப்பு. 1833 ஜூலை 5-இல் அவர் எழுதிய சுற்றறிக்கை, சாதி வேறுபாட்டைச் சபை உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்று ஆணையிட்டது. தனி இருக்கை இல்லை, தனி நேரத்தில் திருவிருந்து இல்லை. அறிக்கை படிக்கப்பட்டதும் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினர். உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும்கூட வேலையைத் துறந்தனர். வில்சன் அசையவில்லை. 1835-இல் தாமே தஞ்சைக்கு வந்து விதியை நிலைநாட்டினார்.

வில்சன் சொன்னது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொன்னவர் எங்கிருந்து சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் தேவாலயங்களில் இருக்கைகளுக்கு வாடகை உண்டு. பணமுள்ள குடும்பத்தார் கதவு வைத்த தனியறை போன்ற இருக்கைகளில் அமர, ஏழைகள் பின்புறத்தில் விசுப்பலகையில் அமர்ந்தனர். தஞ்சை வேளாளர்கள், உங்களிடத்தில் தகுதி வேறுபாடு இல்லையா என்று திருப்பிக் கேட்டது வெறும் சாக்கு அன்று. அதில் உண்மை இருந்தது. உண்மை இருந்ததனாலேயே அது நல்ல சாக்காகவும் பயன்பட்டது.

இனி வருவதுதான் தமிழாசிரியர்களுக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதி. வெளியேறிய தஞ்சைக் கிறித்தவர்கள் பலரை 1840-களிலும் 1850-களிலும் லீப்சிக் மிஷனைச் சேர்ந்த லூத்தரன் சபையார் ஏற்றுக்கொண்டனர். அம்மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல். இவர் யார்? திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856-இல் வெளியிட்டவர், இலத்தீனிலும் பெயர்த்தவர். 1849 முதல் 1853 வரை கீழ்த்திசைப் பயணம் மேற்கொண்டு தமிழகத்தில் தங்கித் தமிழ் பயின்றவர். சாதியைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது, நற்செய்தி புளித்த மாவைப் போல் உள்ளிருந்து வேலை செய்ய வேண்டும், அதுவரை பொறுத்திருக்க வேண்டும் என்பது அவர் நிலை. அவரை எதிர்த்துத் தஞ்சையிலிருந்து எழுதியவர் ஜி. யு. போப்! ஆம், 1886-இல் குறளை ஆங்கிலத்தில் தந்த நம் போப் ஐயர்தான். 1853-இல் லூத்தரன் சபையாரின் அத்துமீறல் என்னும் பொருள்பட ஒரு சிறு நூலே எழுதி வெளியிட்டார். தம் சபையிலிருந்து சாதியின் பொருட்டு வெளியேறியவர்களை அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள் என்பது பூசலின் பெரும்பகுதி.

இருவரும் குறளை எழுத்தெண்ணிப் படித்தவர்கள். பிறப்பினால் உயிர்கள் அனைத்தும் சமம் என்னும் பொருளுடைய 972-ஆம் குறளை இருவருமே தத்தம் மொழியில் பெயர்த்தார்கள். நூலறிவில் குறையில்லை. அதன்பின் ஒருவர் விதியை நம்பினார், மற்றவர் பொறுமையை நம்பினார்.

பொறுமை பெரும் பண்பு என்று வகுப்பில் நன்னெறிப் பாடம் நடத்துகிறேன். ஆனால் கிரவுலின் பொறுமையைப் பற்றி எண்ணும்போது ஒரு கேள்வி குறுக்கே வருகிறது. பொறுத்திருந்தவர் யார்? கிரவுலுக்கு அமர நாற்காலி இருந்தது. வேளாளருக்கு முன்னிடம் இருந்தது. பின்னால் இருந்தவர்தாம் உண்மையில் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமையை அவர்களிடம் ஒருவரும் கேட்டுப் பெறவில்லை. விதியை நம்பியவர்களும் கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேராயர் எழுதினார், சாஸ்திரியார் எழுதினார், கிரவுல் எழுதினார், போப் எழுதினார். அந்தத் தரையில் அமர்ந்திருந்தோர் இதைப்பற்றி என்ன நினைத்தார்கள் என்பது நான் படித்த பக்கங்களில் மிக அரிதாகவே கேட்கிறது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. எந்தக் கிறித்தவரோடும் ஒன்றாக அமர்ந்து உண்ண உடன்படுகிறவரே சாதியை விட்டவராகக் கருதப்படுவார் என்னும் போக்கு அதன்பின் வலுப்பெற்றது. மதுரைப் பகுதியில் அமெரிக்க மிஷனார் இதற்கென அன்பின் விருந்துகள் நடத்தினர். பந்தி, தேர்வு மண்டபமாயிற்று. யார் வருகிறார், யார் தலைவலி என்று வீட்டில் தங்கிவிடுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சோற்றைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்தும் வழக்கம் எனக்கு மட்டும் உரியதன்று போலும்.

கத்தோலிக்கத் திருச்சபையும் இதற்கு விலக்கன்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில் 1872-இல் ஒரு பெரிய ஆலயம் கட்டப்பட்டது. அதன் அமைப்பே விந்தையானது. இரண்டு நீண்ட கூடங்கள் பிரிந்து நின்று பீடத்தில் மட்டும் ஒன்றுசேரும். ஒரு கூடத்தில் வேளாளர், மறு கூடத்தில் நாடார் முதலியோர். காற்சட்டைக் கோயில் என்று பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். குருவானவர் ஒருவரே, பூசை ஒன்றே, ஆனால் ஒரு கூடத்தார் மறு கூடத்தாரைக் காண முடியாது. 1910-இல் திருச்சபை அதிகாரிகள் தடுப்பை இடித்துத் தள்ளினார்கள். வேளாளர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. ஆலயத்தில் சாதிக்கென்று தனியிடம் கோரும் உரிமை எவர்க்கும் இல்லை என்று அங்கும் தோற்றனர். கட்டும்போதே அந்தச் சுவர் வேண்டாம் என்று சொல்லாமல் 38 ஆண்டுகள் கழித்து இடித்ததனால் ஏற்பட்ட செலவு அது. கொத்தனாருக்குக் கொடுத்த கூலியை விட வழக்கறிஞருக்குக் கொடுத்தது மிகுதியாயிருக்கும்!

நம் மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்கள் இவற்றையெல்லாம் நாகப்பட்டினத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வரவில்லை. தோட்டத்து லயங்களில் யார் எந்த வரிசையில் குடியிருந்தார்கள் என்பதைப் பழைய மனிதர்களைக் கேட்டால் சொல்வார்கள். என் பாட்டியார் சொல்லியிருக்கிறார். எங்கள் தோட்டத்தில் கிறித்தவர், இந்து என்ற வேறுபாடு அந்த வரிசையைச் சிறிதும் மாற்றவில்லையாம். இன்று லயங்கள் இல்லை. மேசைகள் இருக்கின்றன.

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய பின் அந்த 31 மாணவர்களில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரை நூலகத்திற்கு அழைத்தேன். மேசையை மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன், என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு ஒரு மாணவி, "மேசை மட்டும் இல்ல டீச்சர், தட்டு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "காசு குடுத்து வாங்குறவங்களுக்கு வெள்ளைத் தட்டு. எங்களுக்கு ஆரஞ்சுத் தட்டு. எங்க போயி உக்காந்தாலும் தெரியும்" என்றாள். ஒரு தவணை முழுவதும் நாள்தோறும் அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தேன்.

சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையாரிடம் பேசி எல்லாருக்கும் வெள்ளைத் தட்டே வாங்கிவிட்டோம். வருகைக் கணக்கைக் காலையில் வகுப்பிலேயே எடுத்துவிடுகிறோம். கணக்குப் புத்தகம் இப்போது அந்த ஆறாம் ஆண்டு மாணவியிடம் இருக்கிறது. என்னைவிட ஒழுங்காக எழுதுகிறாள். நான்காம் ஆண்டு மாணவன் முதல் நாள் வந்தான். இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் தன் நண்பனோடு வந்து மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டான்.